கிணற்றடியில் கேட்கும் குரல்

வடமராட்சியில் எமது உறவினரான மூதாட்டி ஒருவர் தனியே வாழ்ந்து வருகின்றார். வயது 78. மக்கள் மூவர். ஒருவர் இலண்டனில், ஒருவர் ரொறன்ரோவில், மகள் கொழும்பில். சென்ற மாரி காலத்தில் ஓரிரவு அவர் வீட்டிலே தங்க வேண்டிய தேவை எமக்கு நேர்ந்தது. இரவு பதினொன்றரை மணி இருக்கும். கைத்தொலைபேசி ஒரு முறை சிணுங்கி அடங்கிற்று. ஆச்சி எழுந்தார். சேலைத் தலைப்பைத் தலைமேற் போட்டுக்கொண்டு, ஒரு கையில் ரோர்ச் விளக்கும் மறு கையில் தொலைபேசியுமாகப் பின்கதவைத் திறந்து வளவுக்குள் இறங்கினார். யாது நேர்ந்ததோ என்று பதறி நாமும் பின்தொடர்ந்தோம். தூறல் விட்டபாடில்லை. கிணற்றடிக்குப் போய், துணி துவைக்கும் கல்லின்மேல் அமர்ந்துகொண்டு, ஆச்சி பேசத் தொடங்கினார்.

"ஓம் தம்பி, இப்ப கேக்குது. சொல்லு மோனை."

இலண்டனில் மாலை 6 மணியெனில் மாரி காலத்தில் எமக்கு இரவு 11.30. மூத்தவர் வேலை முடிந்து வீடு திரும்பும் வழியில் தாயின் குரலைக் கேட்க எடுக்கும் அழைப்பு அது. வீட்டினுள் இருந்தே பேசினால் ஆகாதோ என்று கேட்டோம். "உள்ளுக்க நிண்டால் அவன் கதைக்கிறது துண்டு துண்டாய்க் கேக்கும். பிறகு நிண்டு போகும். கிணத்தடியிலதான் சிக்னல் இருக்கு" என்றார். ஆறு ஆண்டுகளாக இதுதான் வழக்கமாம். பிள்ளைகளுக்கு இது தெரியாது. தெரிந்தால் அழைப்பதை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தினால் ஆச்சி சொல்லவில்லை.

பாசி படர்ந்த கிணற்றுக் கட்டும், மாரியில் வளவுக்குள் ஊரும் விரியன் பாம்பும் ஒருபுறமிருக்க, எமது நெஞ்சை உறுத்தியது வேறொன்று. 2018ஆம் ஆண்டு யூலை முதல் வட மாகாணத்திலும் 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் இலவச அம்புலன்ஸ் வண்டி வருகின்றது. நடுச்சாமத்தில் நெஞ்சு வலிக்கும் ஒருவர் அந்த நான்கு இலக்கங்களை அழுத்துவதற்குக் கிணற்றடிவரை நடந்தாக வேண்டுமெனில், அந்த வண்டி ஊரில் இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

இந்த ஆச்சியின் கதை அவர் ஒருவருடைய கதையன்று. இதை வாசிப்போருள் எத்தனை பேர் மாமரத்தின் கீழும் படலையடியிலும் மொட்டை மாடியிலும் நின்று பேசுகிறீர்கள் என்பதை நாம் அறிவோம். பெருந்தொற்றுக் காலத்தில், 2021இல், ஊவாப் பகுதியின் பொகிட்டியாவ என்னும் சிற்றூர் மாணவர்கள் பாடங்களைப் பெறுவதற்காகக் காட்டு வழியே நடந்து ஒரு பாறையின்மேல் ஏறியமை உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அங்கே மலையும் காடும் தடை. நமது குடாநாட்டில் மலை ஏது?

நிற்க. குற்றம் யாருடையது என்று முதலில் ஆராய்ந்தோம். கோபுரம் தொலைவில் உள்ளது போலும் என்பதே எவர்க்கும் முதலில் தோன்றும் எண்ணம். ஆனால் கிணற்றடியில் நின்று நோக்கினால் பனைகளின் தலைக்கு மேலே கோபுரத்தின் செவ்விளக்கு மினுங்குவது தெரிகின்றது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின்மீது அமைந்த தட்டையான நிலம். 50 மீற்றர் உயரமான கோபுரத்தின் உச்சியில் நிற்பவனுக்கு அடிவானம் ஏறக்குறைய 25 கிலோமீற்றர் தூரத்தில் இருக்கும். இத்தகைய நிலத்தில் அலைகள் வளவுவரை தடையின்றி வந்து சேருகின்றன. கிணற்றடிக்கும் தலைவாசலுக்கும் இடையே இருபது அடி தூரந்தான். அந்த இருபது அடிக்குள் அவை எங்கே மறைந்தன? வீட்டினுள் நுழையும் இடத்தில் மறைந்தன. எனவே குற்றவாளி கோபுரமன்று, வீடுதான்.

வானொலி அலைகள் சுவரை ஊடுருவும் என்பதை உலகம் நெடுங்காலத்துக்கு முன்பே கண்டது. 1895இல் கல்கத்தா நகர மண்டபத்தில் ஜகதீஸ் சந்திர போஸ், கண்ணுக்குப் புலப்படாத அலைகளைச் சுவர்களுக்கு ஊடாகச் செலுத்தி, அப்பால் வைத்த மணியை ஒலிக்கச் செய்தும் வெடிமருந்தைப் பற்றச் செய்தும் காட்டினார். அவர் கையாண்டவை இன்றைய கைத்தொலைபேசி அலைகளைவிடவும் குறுகியவை. ஆனால் அச்சுவர்கள் உலோகச் சுவர்கள் அல்ல. உலோகத்தால் சூழப்பட்ட கூட்டினுள் மின்புலம் நுழையாது என்பதை மைக்கேல் பரடே 1836இலேயே நிறுவியிருந்தார்.

மாணவர்கள் இதனைத் தாமே செய்து பார்க்கலாம். சோற்றுப் பார்சல் சுற்றும் அலுமினியத் தாளினால் தொலைபேசியை இடைவெளியின்றி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு, வேறொரு தொலைபேசியிலிருந்து அழைக்கவும். தாள் ஒரு மயிரிழையைவிட மெல்லியது. எனினும் அழைப்புப் போகாது. பின்பு தொலைபேசியை ஒரு பிஸ்கற் பேணியில் இட்டு மூடி அழைக்கவும். கோபுரம் அருகில் இருப்பின் மணி ஒலித்தாலும் ஒலிக்கும். தாளைவிடப் பேணி தடித்ததாயிற்றே எனலாம். அலைகள் மூடியின் நீண்ட விளிம்பு இடுக்கினூடாகப் புகுந்துவிடுகின்றன. உலோகத்தின் தடிப்பு இங்கே பொருட்டன்று. இடுக்கு உண்டா இல்லையா, அது எவ்வளவு நீளம் என்பதே பொருட்டு. 900 மெகாஹேர்ட்ஸ் அலையின் நீளம் ஏறக்குறைய 33 சென்ரிமீற்றர். 1800 மெகாஹேர்ட்ஸ் அலை அதிற் பாதி.

இனி ஆச்சியின் வீட்டைப் பார்ப்போம். போருக்கு முன் அவ்வளவில் இருந்தது நாற்சார் வீடு. சுண்ணக்கல்லாலான தடித்த சுவர்கள், ஓட்டுக் கூரை, மரச் சட்டமிட்ட சாளரங்கள், நடுவே வானத்தைப் பார்த்த முற்றம். அந்த வீட்டில் கைத்தொலைபேசி இருந்திருப்பின் முற்றத்தின் வழியாக அலைகள் தாராளமாக இறங்கியிருக்கும். (அவ்வீட்டைப் பற்றிப் பெருமூச்சு விடுவோருக்கு ஒன்று கூறுவோம். அறைகள் பாதி இருளில் கிடக்கும். அடைமழையில் முற்றம் நிரம்பித் தாழ்வாரம் நனையும். ஓடு மாற்றும் செலவோ ஆண்டுதோறும் உண்டு.) அது சிதைந்து, மீளக் குடியேறியபின் எழுந்த புதிய வீட்டுக்குச் சீமெந்துக் கல் சுவர், வர்ணம் பூசிய தகரத் தகட்டுக் கூரை, வெப்பம் இறங்காதிருக்கக் கூரையின் கீழே வெள்ளி போல் மினுங்கும் தாள், கள்வர் பயத்துக்கு இரும்புக் கிராதிகள். ஒவ்வொன்றும் தக்க காரணத்தோடு செய்யப்பட்டதே. ஆயினும் அனைத்தும் ஒன்றுசேர்ந்து அவ்வீடு ஒரு பெரிய பிஸ்கற் பேணியாயிற்று.

கூரை தகரமன்று, கொங்கிறீற்றுத் தட்டு என்போரும் மகிழ வேண்டாம். இரும்புக் கம்பி பொதிந்த கொங்கிறீற்று அலையின் வலிமையைப் பத்திலொன்றாகவோ நூறிலொன்றாகவோ குறைக்க வல்லது. வெயிலைத் தடுக்க உலோகப் பூச்சிட்ட கண்ணாடியும் அவ்வாறே. வெறும் கல் சுவர் அவ்வளவு கொடிதன்று. ஈரம் ஊறினால் எல்லாமே சற்று மோசமாகும்.

இங்கே வேடிக்கை ஒன்றுண்டு. அலையை வெளியிலே பிடித்து உள்ளே கொண்டுவரும் கலையில் நம்மவர் தேர்ந்தவர்கள். கொழும்பு வானொலி 1925இல் ஒலிக்கத் தொடங்கிய பின்னர், வானொலிப் பெட்டி வாங்கியவர் முதலிற் செய்த வேலை, இரண்டு உயர்ந்த மரங்களுக்கிடையே ஏரியல் கம்பி கட்டியதுதான். பெட்டி விறாந்தையில் கௌரவமாக வீற்றிருக்கும். கம்பி வெயிலிலும் மழையிலும் தொங்கும். 1980களில் இந்தியத் தூரதர்ஷனைப் பிடிப்பதற்காக வீட்டுக்கு வீடு இரும்புக் குழாய்கள் பனையோடு போட்டியிட்டு உயர்ந்தன. "இப்ப தெரியுதோ?" என்று கூரைமேல் நிற்பவர் கேட்பதும், "கொஞ்சம் வடக்காலை!" என்று உள்ளிருப்போர் கூவுவதும் அக்காலத்து மாலைச் சங்கீதம். 1990இன் பின் மின்சாரமும் இல்லை, பற்றரியும் அரிது என்றான காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவினால் வானொலி கேட்ட குடாநாடு இது.

தொலைபேசியின் அருமையும் நமக்குப் பிறர் சொல்லித் தெரிய வேண்டியதன்று. வெளிநாட்டிலுள்ள மகனோடு பேசுவதற்காகவே கொழும்புவரை பயணம் செய்து, விடுதியில் நாட்கணக்கில் காத்திருந்த பெற்றோர் எத்தனையோ பேர். செஞ்சிலுவைக் குழு கொண்டுவந்து கொடுத்த சிறு செய்தித் தாள்களைப் பெட்டியினுள் பாதுகாத்து வைத்திருப்போர் இன்றும் உளர். 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கையொப்பமான பின்னரே கைத்தொலைபேசி குடாநாட்டில் பரவலாயிற்று. 2006 ஓகஸ்ட்டில் முகமாலை வழி மூடப்பட்டபோது அச்சேவையும் துண்டிக்கப்பட்டது. அத்தனையும் கடந்து வந்த குரல், இன்று வீட்டு வாசலில் நின்று திரும்பிப் போகின்றது.

இதற்குக் காரணம் எளிது. வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் அன்ரனா வேறு, பெட்டி வேறு. கைத்தொலைபேசியோ தன் அன்ரனாவை வயிற்றினுள் மறைத்து வைத்திருக்கின்றது. ஆகவே அதற்கு அன்ரனா உண்டென்பதையே மறந்துவிட்டோம். நாம் வீட்டினுள் போகும்போது அன்ரனாவும் பேணிக்குள் போய்விடுகின்றது. அன்ரனாவை மறுபடியும் வெளியே நிறுத்துதலே இதற்கு மருந்து.

அதற்கு முன் அளவு தெரிய வேண்டும். திரையில் காணும் கோடுகளை நம்பற்க. எத்தனை கோடு காட்டுவது என்பது தொலைபேசி செய்தவனின் விருப்பம். அன்ட்ரொயிட் தொலைபேசிகளில் அமைப்புகளுக்குள் 'தொலைபேசி பற்றி' என்னும் பகுதியிற் சென்று, 'சிம் நிலை' என்பதைத் திறந்தால் ஓர் எண் தெரியும். ஐபோன் வைத்திருப்போர் *3001#12345#* என்று அழுத்தி அழைத்தால் அதன் உள்விவரங்கள் தோன்றும். எண் எப்போதும் கழித்தல் குறியோடு இருக்கும். அதனைக் கடன் என்று கொள்க. 80 கடன்பட்டவன் 110 கடன்பட்டவனிலும் நல்ல நிலையில் உள்ளான் அல்லவா? 4ஜியில் 90க்குள் இருப்பின் நன்று; 100 பரவாயில்லை; 110ஐத் தாண்டினால் பேச்சு அறுந்தறுந்து கேட்கும். ஆனால் இது பொல்லாத கடன். பத்துப் பத்தாக ஏறும்போது வலிமை பத்து மடங்கு வீழும்.

ஆச்சியின் அயல்வீட்டு மாணவன் ஒருவன், உயர்தர வகுப்பில் பௌதிகம் படிப்பவன், கொப்பியும் பென்சிலுமாக எம்மோடு வந்தான். வீட்டின் படத்தை வரைந்து, ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிடம் நின்று எண்ணைக் குறித்துக்கொண்டோம். தலைவாசலில் −117. குசினியில் −112. கிழக்கு அறைச் சாளரத்தருகே −104. கிணற்றடியில் −84. தலைவாசலுக்கும் கிணற்றடிக்கும் உள்ள 33 டெசிபெல் வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்த்துவிட்டு, "இரண்டாயிரம் மடங்கு, ஆச்சி!" என்றான் அவன். "அதுதானே தம்பி நான் அங்க போறன்" என்றார் ஆச்சி.

முதல் வெற்றியும் அச்சிறுவனுடையதே. தலைவாசலில் தொலைபேசி சில வேளைகளில் 'அவசர அழைப்புகள் மட்டும்' என்று காட்டியது. நாமெல்லாம் இதைக் கண்டால் தொலைபேசியை வைது தட்டிப் பார்ப்போம். அவனோ அதன் பொருளைச் சொன்னான். நம் சிம்முக்குரிய கம்பனியின் அலை அங்கே இல்லை. ஆனால் வேறு ஏதோ கம்பனியின் அலை உண்டு. அவசர அழைப்பை எந்தக் கம்பனியின் கோபுரமும் ஏற்கும் என்பதால் தொலைபேசி அவ்வாறு காட்டுகின்றது. உடனே தன் தொலைபேசியிலிருந்த வேறு கம்பனியின் சிம்மை எடுத்து இட்டான். சாளரத்தருகே −98, ஆச்சியின் கட்டிலருகே −103! ஆச்சியின் தொலைபேசியில் இரண்டு சிம்முக்கு இடமுண்டு. ஒன்று வெறுமையாகவே கிடந்தது. மறுநாளே அது நிரம்பிற்று. சில நூறு ரூபாவில் பாதி வேலை முடிந்தது. வீட்டிலே சிக்னல் இல்லை என்போர் எதற்கும் செலவிடுமுன், விருந்தினராய் வருபவர்களின் தொலைபேசியை வாங்கி அதே இடத்தில் அந்த எண்ணைப் பார்த்துவிடுவது நன்று.

மறு பாதியில் தவறிழைத்தவர் நாமே. அதையும் ஒளியாமல் உரைத்தல் முறை. வெளிநாட்டு அழைப்புகள் பெரும்பாலும் வட்ஸ்அப்பிலும் வைபரிலும் வருவன. ஆச்சிக்குப் பேரப்பிள்ளைகளின் முகமும் பார்க்க வேண்டும். ஆதலால் வெளி அன்ரனா பூட்டத்தக்க 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்குவோம், அது அலையைப் பிடித்து வீட்டினுள் வைபையாகப் பரப்பட்டும் என்று தீர்மானித்தோம். அன்ரனாவை இரும்புக் குழாயில் ஏற்றி, மேற்கே மினுங்கும் செவ்விளக்கை நோக்கி நாமே பெருமையுடன் திருப்பினோம். ரவுட்டரைத் தலைவாசலில் தொலைக்காட்சிக்கு அருகே அழகாக வைத்து, 20 மீற்றர் மெல்லிய கம்பியால் இணைத்தோம். பலன் பூச்சியம். முன்பு இருந்ததைவிட மோசம் என்றே சொல்ல வேண்டும்.

இரண்டு பிழைகள். ஒன்று, நாம் வணங்கிய செவ்விளக்கு வேறு கம்பனியின் கோபுரம். எமக்குரிய கோபுரம் தென்கிழக்கே, பனங்கூடலுக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாமல் நின்றது. மற்றையது அந்த நீண்ட கம்பி. இந்த அலைவரிசையில் மெல்லிய கம்பி மீற்றருக்கு முக்கால் டெசிபெல் வரை விழுங்கும். இருபது மீற்றருக்கு 15 டெசிபெல்! கூரைமேல் பெற்ற செல்வம் முழுவதையும் வரும் வழியிலேயே கம்பி தின்றுவிட்டது. பின்பு அன்ரனாவை மெல்ல மெல்லச் சுற்றி, ஒவ்வொரு திசையிலும் அரை நிமிடம் நிறுத்தி எண்ணைப் பார்த்து, உயர்ந்த இடத்தில் இறுக்கினோம். ரவுட்டரைக் கிழக்கு அறையில், சுவரின் உட்புறம், கூரையருகே உயர்த்தி மாட்டினோம். கம்பி 3 மீற்றரே தேவைப்பட்டது. கம்பியை நீட்டுவதிலும் பார்க்க ரவுட்டரை அன்ரனாவுக்கு அருகே கொண்டுபோவதே மேல். வைபை வீட்டுக்குள்ளேயே பிறப்பதால் தகரக் கூரை அதற்குப் பகையன்று.

ரவுட்டர் மின்சாரத்தில் இயங்குவது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேரம் மின்வெட்டு அனுபவித்த நாட்டில் அதை மறத்தல் ஆகாது. சில மணி நேரம் தாங்கும் சிறு பற்றரிப் பெட்டி ஒன்றையும் சேர்த்து வாங்கினோம். வட்ஸ்அப்பினால் 1990ஐ அழைத்தல் இயலாது. வங்கி அனுப்பும் இரகசிய இலக்கமும் சாதாரணக் குறுஞ்செய்தியாகவே வருகின்றது. ஆகையால் வைபை எவ்வளவு நன்றாயினும் கட்டிலருகே வேலை செய்யும் சிம் ஒன்று இன்றியமையாதது. சாதாரண அழைப்புகளையே வைபை வழியாகக் கொண்டுசெல்லும் வசதியும் இப்போது உண்டு. அது தமது சிம்முக்கும் தமது தொலைபேசிக்கும் பொருந்துமா என்பதைக் கம்பனியிடம் கேட்டறிதல் வேண்டும். பழைய கம்பித் தொலைபேசி இன்னும் வேலை செய்யும் வீடுகளில் அதைத் துண்டித்துவிட வேண்டாம் என்பது எமது கட்சி.

இனி, செய்யத்தகாதது ஒன்று. சிக்னலைப் பெருக்கும் கருவி என்று ஒரு பெட்டியைக் கடைகளில் இரகசியக் குரலில் விற்கின்றனர். வெளியே ஓர் அன்ரனா, உள்ளே ஓர் அன்ரனா, நடுவே பெருக்கி. கேட்பதற்கு நல்ல யோசனையே. கோயில் திருவிழாவில் ஒலிவாங்கியை ஒலிபெருக்கிக்கு நேரே பிடித்தால் ஊரே காதைப் பொத்தும்படி 'கூ' என்று அலறுமன்றோ? இப்பெட்டியின் இரு அன்ரனாக்களும் ஒன்றையொன்று கேட்கத் தொடங்கினால் அதே அலறல் வானொலி அலையில் எழும். நம் காதுக்குக் கேளாது. கோபுரத்தின் காதோ செவிடாகும். அதனால் கெடுவது அயலூர் முழுவதன் தொலைபேசி. வானொலி அலையை வெளியிடும் கருவிகளை அனுமதிப்பத்திரமின்றி இயக்குவதை 1991ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கத் தொலைத்தொடர்புகள் சட்டம் தடுத்திருப்பது இதனாலேதான். தானே அடங்கிக்கொள்ளும் தரமான பெருக்கிகளை மட்டும் பொதுமக்கள் பாவிக்க அமெரிக்கா 2014இலும் பிரித்தானியா 2018இலும் இடமளித்தன. அங்கே வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் பிள்ளைகளிடம், அங்குள்ள அனுமதி இங்கே செல்லாது என்று சொல்லிவிடுக. தொலைபேசியின் முதுகில் ஒட்டும் பொன்னிறத் தாள்களைப் பற்றி எழுதி இடத்தை வீணாக்கோம்.

கோபுரம் என்றாலே அஞ்சுவோரும் நம்மிடையே உளர். 2019இல் யாழ்ப்பாண நகரில் நவீன விளக்குக் கம்பங்கள் நாட்டப்பட்டபோது, அவை 5ஜி அலையைப் பரப்பும் என்று கூறி மக்கள் வீதிக்கு வந்தனர். மக்கள் கேள்வி கேட்பது நல்லதே, அதை இகழோம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு 2011இல் வானொலி அலைகளை 'விளைவிக்கவும் கூடும்' என்னும் ஐயப் பட்டியலிற் சேர்த்தது. (ஆசிய முறையில் ஊறவைத்த காய்கறியும் அதே பட்டியலில் உள்ளது; ஊறுகாய்ப் பேணியை யாரும் வீதியில் எறியவில்லை.) ஆனால் காதருகே வைக்கும் கருவியைப் பற்றியும் எண்ண வேண்டும். கோபுரத்தின் குரல் நன்றாகக் கேட்குமிடத்தில் தொலைபேசி மெல்லப் பேசும். கேளாத இடத்தில் உரக்கக் கத்தும். பழைய 2ஜி தொலைபேசி முழு மூச்சாகக் கத்தினால் 2 வாற்று. நல்ல சிக்னல் உள்ள இடத்தில் அதில் ஆயிரத்திலொரு பங்கு அளவுக்கும் இறங்கிவிடும். எனவே பேணி போன்ற வீட்டினுள் நின்று பேசுபவரே தம் காதருகே அதிக அலையை வரவழைத்துக்கொள்கின்றார். பற்றரி விரைவில் தீர்வதும் கருவி சூடேறுவதும் அதன் அடையாளம்.

புதிதாக வீடு கட்டுவோர்க்கு ஒரு சொல். கட்டும்போதே கூரைக்கும் தலைவாசலுக்கும் இடையே சுவரினுள் ஒரு வெறுங்குழாய் பதித்துவிடுக. பின்னாளில் எந்தக் கம்பி வந்தாலும் சுவரை உடைக்காமல் இழுக்கலாம். அந்தக் குழாயின் விலை ஒரு மூட்டைச் சீமெந்தை எட்டாது.

ஆச்சியின் வீட்டு வேலை இரண்டு சனிக்கிழமைகளில் முடிந்தது. அன்றிரவு கட்டிலில் இருந்தபடியே இலண்டன் மகனோடு பேசினார். முதன்முறையாகப் பேத்தியின் முகம் உடையாமல் திரையில் நின்றது. "அம்மா, இண்டைக்கு என்ன தவளைச் சத்தத்தைக் காணேல்லை?" என்று மகன் கேட்டார். ஆறாண்டுகளாகத் தாயின் குரலுக்குப் பின்னே தவளைகள் கத்துவதைக் கேட்டிருந்தவர் அவர். வீட்டுக்குள் தவளை புகுந்திருக்கிறது என்றே எண்ணியிருந்தாராம். ஆச்சி எம்மைப் பார்த்தார். பின்பு, "மழை விட்டிட்டுது தம்பி" என்றார்.

வெளியே மழை பெய்துகொண்டுதான் இருந்தது.

கட்டிலின் தலைமாட்டில் 1990 என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவிட்டு வந்தோம். சென்ற கிழமை மாணவன் குறுஞ்செய்தி அனுப்பியிருந்தான். அடைமழையில் பனையோலை நனைந்ததால் எண் ஐந்து இறங்கியதாம். பேச்சு அறவில்லை. தைப்பொங்கல் கழிந்ததும் குழாயை இன்னும் ஐந்தடி உயர்த்தலாமா என்று கேட்கிறான்.